மருமகள் போட்ட கையெழுத்து

10 மார்ச் 1958, திங்கள்

இன்று சம்பள மேசையில் மருமகள் செல்லம்மா தானே கையெழுத்துப் போட்டுத் தன் சம்பளத்தை வாங்கினாள். இத்தனை வருஷமாக அவள் பறித்த தேயிலைக் கொழுந்துக்கு என் மகன் முத்துதான் கைநீட்டிக் கூலி வாங்குவான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற இந்த லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது நான். என் அஞ்சாம் வகுப்புப் படிப்பு வீண்போகவில்லை என்று பெருமையாக நின்றேன்.

வரிசையில் ஒருத்தன், "என்ன முத்து, இனிமே நீதான் அடுப்பு ஊதணுமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். முத்து சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை வாசலில் தீட்டுகிறான். கவ்வாத்து போன மாசமே முடிந்துவிட்டது.

"இப்ப எதுக்குடா கத்தி?"

"சும்மாத்தான். நீ போய்ப் படு, ஆத்தா."

செல்லம்மாவை என் பாயில், சுவரோரமாகப் படுக்க வைத்திருக்கிறேன். தீட்டுகிற சத்தம் இப்போதுதான் நின்றது.