பச்சைத் துணிக்கு அடியில்

மாக்லின், ஸ்காட்லாந்து.
2019 பிப்ரவரி 9, சனிக்கிழமை, காலை 10.20.
அலமாரியில், பனிக்கட்டித் தளத்தில் சறுக்கி ஆடும் கர்லிங் கல்லின் குட்டி மாதிரிகள்: 36. முப்பத்தேழாவது உன்னிடம்.

அன்புள்ள இஷ்பெல்,

நலம். பாய்லர் பழுதாகி மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினேன். வால்வை நானே மாற்றிவிட்டேன். உன் அப்பா வாரந்தோறும் வந்து சூப் குடித்துவிட்டு, "அவ எப்பப்பா வர்றா?" என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. கனடாவில் அந்த வின்னிபெக் பள்ளி வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கொண்டதை நான்காவது பத்தியில், பனிப்புயலுக்கும் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் நடுவில் எழுதியிருக்கிறாய். முதல் பத்தி முழுக்கக் கல். அங்குள்ள கர்லிங் சங்கம் உன்னிடம் ஒன்றும் இங்கே ஒன்றுமாக இருக்கும் நம் குட்டிக் கல் பேப்பர் வெயிட்டுகள் இரண்டையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறது. 'ஒரே கை செய்த ஜோடி' என்று உன் பெயரோடு அட்டை அச்சாகப்போகிறது. இங்கிருக்கும் கல்லை உடனே அனுப்பு என்கிறாய்.

அவை ஜோடி இல்லை, இஷ்பெல்.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

முதல் கல் க்ரீஃப் சந்தையில் கிடைத்தது. பதினான்கு மாதம் கழித்து ஸ்டிர்லிங்கில் இரண்டாவது. அதே கல்வகை, அதே பித்தளைக் கைப்பிடி, அடியில் அதே பச்சைத் துணி. சமையலறை மேசையில் இரண்டையும் ஒட்டி வைத்துவிட்டு, "பாருடா, இதுங்க ரெண்டும் நூறு வருஷமா ஒண்ணையொண்ணு தேடியிருக்கு!" என்று கத்தினாய். கண் கலங்கியிருந்தது. நீ கெட்டில் வைக்கப் போனபோது, ஓரம் கிளம்பியிருந்த துணியை ஒட்டலாம் என்று இரண்டாவதைத் திருப்பினேன். கல் மேலிருந்து அடிவரை துளைக்கப்பட்டு, உள்ளே திருகாணி இருந்தது. முதல் கல்லின் அடியைத் துணியோடு அழுத்திப் பார்த்தேன், துளையே இல்லை. அதன் கைப்பிடி மேலே பாதிக்குழியில் ஈயம் ஊற்றிப் பதித்தது. பழைய ஆட்கள் அப்படித்தான் செய்தார்கள். கல்லைப் புரட்டி, கைப்பிடியைக் கழற்றி மாட்டி இரண்டு பக்கமும் ஆடும் பழக்கம் வந்த பிறகுதான் முழுத்துளை. ஆட்டத்தின் பெரிய கல்லைப் பார்த்துத்தானே குட்டிக் கல்லையும் செய்தார்கள். குறைந்தது முப்பது வருட வித்தியாசம்.

துணியைத் திரும்ப ஒட்டினேன். நீ தேநீரோடு வந்தாய். கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

உன் அத்தை சுட்ட கேக் வேகவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். இந்த ஒன்றை மட்டும் ஆறு வருடமாகச் சொல்லவில்லை. காரணம் அன்று உன் முகம்.

வியாழன் மாலை கர்லிங் ஆட்டத்தில், கல்லுக்கு முன்னால் பனிக்கட்டியைத் தேய்த்துக்கொண்டு போன என் துடைப்பம் ஓடுகிற கல்லைத் தொட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. கை தானாக மேலே போனது. "தொட்டுட்டேன்" என்றேன். கல்லை எடுத்துவிட்டார்கள், தோற்றோம். எங்கள் தலைவர் வாட்டி, "ஏன்டா, உன் வாய்க்கு ஒரு தாழ்ப்பாளே கிடையாதா?" என்று திட்டிவிட்டு, "ஆனா சொல்லித்தான் ஆகணும். தொட்டவன் சொல்லாட்டி அது என்ன ஆட்டம்?" என்றார். வீட்டுக்கு வந்தால் வாசலில் உன் கடிதம்.

எவனாவது அந்தத் துணியைக் கிளப்பிப் பார்த்தால் உன் பெயர் கெடும். அதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். தொட்டவன் நான்.

இன்னொன்று. அலமாரியில் உன் கல் இருந்த இடம் 64 மில்லிமீட்டர் வட்டம். நீ போனபோது சுத்தமாக இருந்தது. இப்போது அங்கேயும் தூசி. சுற்றியுள்ளதைவிடக் கொஞ்சம் மெல்லியது, அவ்வளவுதான். நான் துடைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஊர்க் குளிருக்கு உன் மேல்கோட்டு போதாது.

உன்
ஸ்ட்ரூவன்

செய்யப்போவது:

1. பதினொரு மணிக்குள் இதைத் தபாலில் போடுவேன். நடந்தே போவேன், மனம் மாறினால் திரும்பும் தூரம் அதிகமாக இருக்கட்டும்.
2. அட்டையில் இப்படிப் போடச் சொல்: 'இரண்டு கற்கள். வேறு வேறு காலம். சேர்த்து வைத்தவர் இஷ்பெல்.' இதில் பொய் இல்லை.
3. கல்லைப் பார்சலில் அனுப்ப மாட்டேன். மார்ச் 9, கிளாஸ்கோவிலிருந்து விமானம். பழைய கோட்டின் உள்பையில் கல் இருக்கும், கையில் உனக்கு ஒரு புதுக் கோட்டு.
4. வரவேண்டாம் என்றால் மார்ச் 8க்குள் எழுது. எழுதாதே.
5. வந்ததும் கல்லை உன் மேசையில் வைப்பேன். எவ்வளவு தள்ளி வைப்பது என்று நீ சொல்.