கல்லூரியின் பதினொருவரில் அத்தான்

தோஹா
12.04.1986

அன்புள்ள யோசப்பின் அக்காவுக்கு,

சந்தியோகு அத்தானைக் கல்லூரி ஒருநாள் தேடி வருமென்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? வந்துவிட்டது! மாதா கிருபையால் நான் சுகம்; நீங்கள் இருவரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

இங்குள்ள பழைய மாணவர்கள் கூடி, கல்லூரி உதைபந்தாட்ட வரலாற்றின் மிகச் சிறந்த பதினொருவரைத் தெரிவுசெய்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்றாலும் நானும் பழைய மாணவன்தானே! கோல் காப்பாளர் யார் என்றதும் எழும்பி, அத்தான் ஒரே ஆட்டத்தில் மூன்று பெனால்டி பிடித்ததைச் சொன்னேன்.

“உன்ரை அத்தான் எண்டபடியால் அளக்கிறாய்” என்றான் அடைக்கலநாதன்.

“ஓம், அத்தான்தான். உன்ரை அப்பரோ பிடிச்சவர்?”

மண்டபமே சிரித்தது. அத்தானின் பெயர் ஏறிவிட்டது.

கடலுக்குப் போகத் தடை வந்த நாளிலிருந்து வீட்டை விட்டு இறங்காத மனிதருக்கு இதை உரக்க வாசித்துக் காட்டுங்கள். பழைய மாணவர்கள் வெளியிடும் மலரில் போட அவருடைய பழைய படம் வேண்டும். கொஞ்சம் மிளகாய்த்தூளும், உங்கள் கையால் இரண்டு வரியும் சேர்த்து அனுப்புங்கள். இங்கே வேலையில்லாத வெள்ளிக்கிழமைகள் சரியான நீளம்.

கடிதம் கொண்டுபோகிறவர் வாசலில் அவசரப்படுத்துகிறார். அத்தான் எப்படியும் கேட்பார், ஆகையால் சொல்லிவிடுகிறேன்: அவர் பிடித்தது இரண்டுதான். மூன்றாவது பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மண்டபத்தில் கதை சொல்லும்போது அதை அவர் கையில் கொடுத்தவன் நான்தான்.

தம்பி,
சிமியோன்