வாசலில் நீலச் சிலிப்பர்

கோத்தா கோலா மூடா
3 மார்ச் 2025

அன்புள்ள லோகன்,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நான் வீட்டில் இருப்பதே தெரியாமல் கணினியே கதியென்று கிடந்தீர்கள் என்றுதானே கிளம்பி அக்கா வீட்டுக்கு வந்தேன்? எட்டு மாதம் கழித்து அந்தக் கணினியில் செய்த கதை விளையாட்டையே அனுப்பியிருக்கிறீர்கள்! அதை விளையாடினால் தலை சுற்றுகிறது.

கதையில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறேன். அங்கே ஒரு ஜோடி நீலச் சிலிப்பர். 'கதவைத் தட்டு', 'சிலிப்பரை எடு', 'திரும்பிப் போ' என்று மூன்று வழி. முதல் தடவை யோசிக்காமல் தட்டினேன். உள்ளேயிருந்து "யாரது?" என்று ஒரு குரல். அவ்வளவுதான், கதை நின்றுவிட்டது.

குணவதி அக்காவிடம் காட்டினேன். "உன் சிலிப்பர்தானே இது? உள்ள இடமில்ல, எடுத்துட்டுப் போன்னு சொல்றாரு லா. இதுகூடப் புரியலயா?" என்கிறாள். அதன்பின் ஆறு தடவை விளையாடினேன். தடவைக்கு ஓர் அர்த்தம் வருகிறது. என்னைப் போகச் சொல்கிறீர்களா, வரச் சொல்கிறீர்களா?

சுபாஷினி

மெர்கோங்
10 மார்ச்

அன்புள்ள சுபா,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அக்கா சொல்லும் அளவுக்கு எனக்கு மூளை இல்லை. நீ போன பிறகு நம் வரிசையில் இரண்டு வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். பக்கத்து வீட்டு நடராஜா அண்ணன், "பொம்பள சிலிப்பர வெளிய போட்டு வை தம்பி, ஆள் இருக்குன்னு நெனப்பான்" என்றார். நீ விட்டுப்போனதைப் போட்டேன். திருடன் ஏமாந்தானோ இல்லையோ, வேலை முடிந்து கேட்டைத் திறக்கும்போது தினமும் நான் ஏமாறுகிறேன்.

அதைத்தான் எழுதினேன். அர்த்தம் கேட்டால் எனக்கே குழப்பமாக இருக்கிறது. "யாரது?" என்பதற்குப் பிறகு எழுத வரவில்லை. பதில் சொல்ல வேண்டியவள் நீ. உன்னிடம் கேட்கப் பயமாக இருந்தது.

லோகன்

கோத்தா கோலா மூடா
17 மார்ச்

அன்புள்ள லோகன்,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் காட்டவில்லை.

முதல் தடவை ஏன் உடனே தட்டினேன் தெரியுமா? சிலிப்பரைப் பார்த்ததும் வீட்டில் ஆள் இருக்கிறது என்றுதான் தோன்றியது. பிறகுதான் யோசித்து யோசித்துக் கெடுத்துக்கொண்டேன்.

எதிரில் உட்கார்ந்திருந்தபோது தெரியாத நான் சிலிப்பரில் தெரிகிறேனா? கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது. இனிமேல் சரியாகிவிடுமா என்று சத்தியமாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது, இருந்தாலும் தட்டுவேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே "யாரது?" என்று கேட்காதீர்கள். எழுந்து வந்து திறந்துவிடுங்கள்.

சுபா