ஒட்டுத்தாடி உளவாளி

மச்சானுக்கு,

பக்கத்து வீட்டு குணசேகரன் அண்ணன் நாளை துபாய்க்குத் திரும்புகிறார். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்து விடுகிறேன். போனில் பேசினால் உங்கள் அறையில் எல்லாருக்கும் கேட்கிறது.

கல்யாணமான புதிதில் அறந்தாங்கியில் நாம் பார்த்த அந்தப் பழைய உளவாளிப் படத்தை நேற்று மத்தியானம் டிவியில் போட்டார்கள். ரயில் கூரைமேல் நடக்கும் சண்டை இப்போதும் பதற வைக்கிறது. வில்லன் குரலை உயர்த்தாமலே பயமுறுத்துகிறான். ஆனால் ரயில் ஜன்னலுக்கு வெளியே ஒரே மலை மூன்று தடவை போகிறது. "அட்டையில செஞ்ச மலைடி" என்று அன்றைக்கு நீங்கள் சிரித்தீர்கள்.

அதையெல்லாம் மன்னிக்கலாம். ஐந்து வருஷம் கழித்து ஒட்டுத்தாடியோடு வருகிற அந்த உளவாளியை, இருமலை வைத்தே பெண்டாட்டி கண்டுபிடித்துவிடுகிறாளே, அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

போன தடவை திருச்சி ஏர்போர்ட்டில், "கூட்டத்துல ஒங்களைத் தெரியலங்க" என்றேன். கூட்டமே இல்லை. நீங்கள் என்னைப் பார்த்து நேராக நடந்து வந்தீர்கள். நான் உங்களுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தேன்.

வீடியோவில் உங்கள் நெற்றியும் ஃபேனும்தான் தெரிகின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை போனை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு, கொஞ்சம் நடந்து காட்டுங்கள். பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருப்பவள்