ஏவுகணையை வழியனுப்பியது

அக்டோபர், 1988

அன்புள்ள லீதா,

உன் அம்மா வீட்டில் குளிர் எப்படி இருக்கிறது? அடுப்புக் குழாயை ஒருமுறை சரிபார்க்கச் சொல். எப்போது வருவாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

இன்று காலை எங்கள் படைப்பிரிவின் முதல் ஏவுகணையைப் பொட்டல்வெளிக்குக் கொண்டுபோய் வெடிவைத்து அழித்தோம். நம் நாடும் அமெரிக்காவும் போட்ட ஒப்பந்தப்படி அமெரிக்க ஆய்வாளர்கள் கூடவே இருந்தார்கள். ஏவுகணையை ஏற்றிய வண்டி கிளம்பும் நேரத்தில் எங்கள் மூத்த சார்ஜெண்ட் யெகோர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நானும்தான்.

ஆய்வாளர் வாலஸ் பதறிப்போய் மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார்: "என்ன, அழிக்க மாட்டோம்னு மறியல் பண்றாங்களா?"

"மறியல் எல்லாம் இல்லீங்க. யாராவது ஊருக்குக் கிளம்பினா, கூட ஒரு நிமிஷம் பேசாம உட்காருவோம். நல்லபடியா திரும்பி வரணும்னு" என்றேன்.

"இது திரும்பி வரக்கூடாதுன்னுதானே கையெழுத்தே போட்டிருக்கு?"

யெகோர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இத்தனை வருஷம் இதுகூடத்தான் குடும்பம் நடத்தினோம். சும்மா உட்காருய்யா."

வாலஸும் உட்கார்ந்தார். ஒரு நகரத்தையே சாம்பலாக்குவதற்காகச் செய்த இரும்பு அது. அதற்காக என் கண் கலங்கியது. வாலஸ் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது அவர் பார்த்ததால் அல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கதவருகே பெட்டியின் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தாய். நான் கடிகாரத்தைப் பார்த்து, "கிளம்பு, ரயில் போயிடும்" என்றேன்.

இப்படிக்கு,
நின்றுகொண்டே இருந்தவன்