ஒன்பதாம் நம்பர் செருப்பு

ஆடி 3, வெள்ளி

காலையிலிருந்து காற்று. வாசல் பூரா வேப்பஞ்சருகு. நான் எடை போடும் ரேஷன் கடை லீவு. ஊறவைத்த துணி அப்படியே கிடக்கிறது.

மூன்றாம் வீட்டில் திருட்டு. பட்டப்பகலில் பூட்டை உடைத்து குத்துவிளக்கு, குடம், பீரோவிலிருந்த வளையல். தெருவே கூடி நின்று துப்புத் துலக்குகிறது. மலையிலிருந்து தேன் விற்க வந்தவன்தான் எடுத்திருப்பான் என்றார் ஒருவர். அந்தத் தேன்காரனிடம் போன வாரம் அடித்துப் பேசிப் பாதி விலைக்கு வாங்கியவரும் இவர்தான். த்தூ.

போலீஸ்காரர் என்னிடமும் வந்தார். தனியாக இருக்கிறீர்களே, இதற்குமுன் ஏதாவது திருட்டுப் போனதுண்டா என்றார். இல்லை என்றேன். இந்த வீட்டுக்கு வந்த ஒரே திருடன் என் புருஷன். சாவி போட்டுத் திறந்து என் செயினை எடுத்துக்கொண்டு போனான். இப்போது வெள்ளிமலையில் இன்னொருத்தியோடு குடித்தனம். ஜீப் ஓட்டுகிறானாம். பெரிய ஆள்.

ஆடி 4, சனி

தூக்கமில்லை. ஓட்டின் மேல் பூனை. எழுந்து அரிசி டிரம்மை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தேன். நேற்று தெருவைப் பார்த்துச் சிரித்தவள் நான்! யாருக்கும் தெரிய வேண்டாம்.

எதிர்வீட்டு சரோஜாக்கா யோசனை: "நீ ஒத்தையா கீறேன்னு ஊருக்கே தெரியுது. ஆம்பள செருப்பு ஒரு ஜோடி வாசல்ல போட்டு வையி. எவனும் கிட்ட வரமாட்டான்." அக்கா வீட்டுக்காரர் செருப்பு அங்கே எப்போதும் கிடக்கிறது. அவர் உள்ளே இருக்கும்போதுதான் அவர் சைக்கிள் காணாமல் போனது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை ஜீப்காரர் ஒருவர் நிறுத்திச் சொன்னார். என் புருஷன் ஒருநாள் வருவானாம். என் கம்மலை விசாரித்தானாம். செயின் போனபிறகு சீட்டுக் கட்டி வாங்கிய கம்மல். பூட்டு மாற்றியாச்சு. ஆனால் அவன் வாசலில் நின்று சத்தம் போட்டால் மானத்துக்குப் பயந்து திறந்துவிடுவேன். செயினுக்கு அப்புறம் ஒரு தடவை வந்தபோதும் அப்படித்தான்.

ஆடி 6, திங்கள்

வாங்க: சோப்பு. டார்ச்சுக்கு செல். மிளகாய்த்தூள் (குழம்புக்கு மட்டும் அல்ல). செருப்பு.

கடையில் பாய், "இன்னா சைஸுங்க?" என்றார். ஒன்பது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தக் காலுக்கு எத்தனை வாங்கியிருப்பேன்! என் மேலேயே எரிச்சல். மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

புதுசாக இருந்தால் சந்தேகம் வரும். சேற்றில் போட்டுத் தேய்த்தேன். வாசலில் ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. அவன் அப்படித்தான் விட்டெறிவான்.

ஆடி 9, வியாழன்

ரப்பருக்கு என்ன மரியாதை! தண்ணீர் திறந்துவிடும் ஆள் நேற்றுவரை "ஏம்மா", இன்று "சொல்லுங்கம்மா". வீட்டு ஓனர் வாடகை வாங்க வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று இருமினார். இத்தனை நாள் கூடத்துக்கே வருவார்.

ரேஷன் வரிசையில் என் காதுபடவே:

"ஆளு வந்துட்டாராம்ல?"

"அது வேற ஆளாம்டி."

இரண்டு பேருக்கும் சர்க்கரை எடை குறையாமல்தான் போட்டேன். அந்த நாக்குகளுக்கு அது ஜாஸ்தி.

சரோஜாக்காவே மெதுவாக வந்து, நிஜமாக உள்ளே யாரும் இல்லைதானே என்கிறாள். போடச் சொன்னதே இவள்!

ஆடி 12, ஞாயிறு

தூறல். மதியம் குழம்பு கொதிக்கும்போது வெளியே ஜீப் சத்தம். அவன்தான். இளைத்திருந்தான். கரண்டியோடு ஜன்னலுக்கு வந்து நின்றேன்.

கேட்டைத் திறந்து விறுவிறுவென்று வந்தவன் செருப்பைப் பார்த்தான். நின்றுவிட்டான்.

"உள்ள ஆருடி?"

கரண்டியை ஜன்னல் கம்பியில் தட்டினேன்.

"ஆருன்னு கேக்கறேன்ல?" குரல் இறங்கிவிட்டது.

"சாப்ட்டுக்கினு கீறாரு. கூப்புடட்டுமா?"

எதிர்வாசலில் சரோஜாக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், மறுபடி செருப்பைப் பார்த்தான். அப்புறம் வருகிறேன் என்று முணுமுணுத்தான். கேட்டைக்கூடச் சாத்தாமல் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டான்.

இவனுக்குப் பயந்தா ராத்திரிதோறும் டிரம்மை இழுத்துக்கொண்டு கிடந்தேன்.

அவன் கால் அளவு. அவன் விட்டெறிகிற மாதிரியே போட்டு வைத்தது. மடையனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதையே ஊற்றிச் சாப்பிட்டேன். டிரம் இன்று அடுப்படியிலேயே.