நன்றிக் கடிதம் திருத்தும் வேலை

ஜூலை 9

வாசிப்புக்கூடத்துக்குப் புது நாற்காலிகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பித்தளைத் தகடு, தகட்டில் கொடுத்தவர் பெயர். சாய்ந்து உட்கார்ந்தால் பெயர் முதுகில் உறுத்துகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தே படித்தேன்.

கொடுத்தவர் தண்ணீர்ப் பாட்டிலுக்கு மூடி செய்யும் தொழிற்சாலைக்காரர். எங்களுக்கு அவர் மூடிக்காரர். கூடம் அவர் கட்டியது. என்னையும் சேர்த்து முப்பத்தொரு பேருக்கு உதவித்தொகை அவருடைய அறக்கட்டளை தருவது. வாசலில் அரசுப் பல்கலைக்கழகம் என்று எழுதியிருக்கிறது. உள்ளே அரசுக்குச் சொந்தமாக மிச்சம் இருப்பது விடுதியின் ஒழுகும் கூரை மட்டும்தான்.

எதற்குக் கொடுக்கிறார்? சும்மா யாராவது கொடுப்பார்களா?

ஜூலை 14

நன்கொடைப் பிரிவு அலுவலகத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது. மதியம் இரண்டு மணி நேரம். எழுத்து நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். உதவி பெறும் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறை மூடிக்காரருக்குக் கைப்பட நன்றிக் கடிதம் எழுத வேண்டும். முதலில் அலுவலகத்தில் காட்ட வேண்டும். அலுவலகம் திருத்தும். திருத்தியதைப் பார்த்து மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும். இனி அந்த அலுவலகம் நான்தான்.

பிரிவின் பொறுப்பாளர் மேடம் பாடம் எடுத்தார்.

“கஷ்டம் ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். ரொம்ப எழுதினா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்.”

“கஷ்டமே எழுதலன்னா?”

“அப்புறம் எதுக்குக் குடுக்கணும்னு தோணிடும். ரெண்டு வரி. புரியுதா?”

புரிந்தது. பசி இருக்கலாம், வயிறு சத்தம் போடக் கூடாது.

ஜூலை 20

அம்மாவுடன் தொலைபேசியில். வேலை கிடைத்ததைச் சொல்லிவிட்டு மூடிக்காரரைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னேன்.

“ஏண்டி, குடுக்கறவங்களப் போய் எதுக்கு மொறைக்கிற?”

“மொறைக்கலம்மா. பாக்கறேன்.”

“நீ பாத்தாலே அப்படித்தான் இருக்கும்.”

மருத்துவமனையில் தரை துடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கட்டடத்துக்குக் கட்டடம் கும்பிடு போட்டே பழகிவிட்டாள். எனக்கு வராது.

ஜூலை 22

இருபத்தாறு கடிதம் முடித்துவிட்டேன். இன்று என் அறைத்தோழியின் முறை. வேதியியல் இரண்டாம் ஆண்டு. பேச்சை எண்ணி எண்ணிச் செலவழிப்பவள், அதனால் விடுதியில் அவள் பெயர் தந்தி. கடிதமும் தந்திதான்:

‘உங்கள் உதவி வந்தது. கட்டணம் கட்டினேன். இரண்டு பாடத்தில் தோற்றுவிட்டேன். மறுபடி எழுதுவேன். நன்றி.’

எனக்குப் பிடித்திருந்தது. மேடம் ஒரு விரலால் தள்ளிவிட்டார். “இது கடிதமா, மிரட்டலா? நீயே எழுதிக் குடுத்துடு.”

எழுதினேன். தோற்ற பாடத்தைத் தூக்கிவிட்டு, ‘ஆய்வுக்கூடத்தில் என் கனவு வளர்கிறது’ என்று போட்டேன். கஷ்டத்துக்கு இரண்டு வரி வேண்டுமே, யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. கடைசியில் என் அம்மாவின் கையை எழுதிவிட்டேன். ‘தரை துடைக்கும் மருந்தில் என் தாயின் விரல்கள் வெடித்திருக்கின்றன. அந்தக் கை என் தலையில் படும்போது இன்னும் படிக்க வேண்டும் என்று தோன்றும்.’

என் சொந்தக் கடிதத்தில் இதைப் போட மனம் வரவில்லை. இன்னொருத்தி கடிதத்தில் போட ஒரு கூச்சமும் இல்லை.

ஜூலை 23

தந்தி பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போது என்ன சொல்லியிருக்கிறாள்!

ஆகஸ்ட் 11

முப்பத்தொன்றும் போய்விட்டன. கைப்பட ஏன் கேட்கிறார்? கையெழுத்து இருந்தால் விளம்பரத்தில் போடலாம். வரி அதிகாரியிடம் காட்டலாம். தேர்தலில் நிற்கப் போகிறாரோ? மேடத்திடம் கேட்டேன். “உனக்கு எதுக்கு அதெல்லாம்? உறையில பசை ஒழுங்கா ஒட்டு.”

செப்டம்பர் 3

மூடிக்காரரின் மகள் வந்திருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவளாக இருப்பாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. எங்கள் விண்ணப்பப் படிவங்களை எல்லாம் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனாள். மேடம் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டார்.

நான் சொன்னேனே. ஏதோ இருக்கிறது.

செப்டம்பர் 18

இருந்தது.

அறக்கட்டளையிலிருந்து கடிதம். தந்தியின் விண்ணப்பத்தில் ‘தாய் காலமானார்’ என்று இருக்கிறதாம். நன்றிக் கடிதத்தில் தாய் உயிரோடு தரை துடைக்கிறாராம். பெற்றோரில் ஒருவரை இழந்தவர்களுக்கு முன்னுரிமை என்பதால் பொய்த் தகவலாக இருக்கலாமாம். பத்து நாளில் விளக்கம் தர வேண்டும், அதுவரை உதவி நிறுத்தம்.

தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் முப்பதாம் தேதி. கட்டாவிட்டால் அவளுக்கு இந்த வருஷம் இல்லை. வருஷம் போனால் அவள் அப்பா திரும்ப அனுப்ப மாட்டார் என்று முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அவள் தன் வீட்டைப் பற்றி என்னிடம் சொன்னது அது ஒன்றுதான்.

அம்மா இல்லை. ஒரு வருஷமாக ஒரே அறை, ஒரே வாளி. எனக்குத் தெரியாது. ஊரில் ஏழை எத்தனை பேர் என்று மேஜையைத் தட்டிப் பேசத் தெரிகிறது, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவளிடம் உங்கம்மா என்ன பண்றாங்க என்று கேட்கத் தெரியவில்லை. சீ.

செப்டம்பர் 19

காலையில் அவளிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“பாத்து எழுதும்போது கவனிக்கலையா நீ? அம்மான்னு இருந்துச்சே!”

“கவனிச்சேன்.”

“அப்புறம் ஏண்டி எழுதின? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

“எழுத நல்லா இருந்துச்சு.”

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

செப்டம்பர் 20

மேடத்திடம் போனேன். தப்பு என்னுடையது, அலுவலகம் எழுதிக் கொடுத்தது என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும் என்றேன்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “என்ன பேசற நீ? கடிதமெல்லாம் நாங்க எழுதித் தரோம்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? இவர் ஒருத்தர் இல்ல, இன்னும் ஏழு பேர் குடுக்கறாங்க. எல்லாம் போயிடும்.”

“அதுக்காக அவ போகலாமா?”

“நான் போகச் சொன்னேனா? தெரியாம எழுதிட்டேன்னு அவளே மன்னிப்புக் கேட்டு எழுதட்டும். நானே நல்லா எழுதித் தரேன்.”

இன்னொரு கடிதம்! கோபத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இந்த அம்மா கெட்டவரும் இல்லை. போன வருஷம் ஒரு பையனுக்குத் தன் கையிலிருந்து கட்டணம் கட்டியவர். பயந்தவர், அவ்வளவுதான். பத்து வருஷமாக எட்டுப் பேரின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வேலை செய்தால் யாருக்கும் பயம் வரும். மூடிக்காரர் ஒரு வார்த்தை மிரட்டியதாக மேடமே சொல்லவில்லை. மிரட்டுவதற்கு முன்பே நடுங்கிப் பழகிவிட்டார்கள்.

செப்டம்பர் 21

தந்தியின் பழைய நாலு வரிக் கடிதம் கிடைத்தது. மாணவர்கள் முதலில் எழுதுவதையெல்லாம் அலுவலகத்தில் குறிப்புத் தாளாக வைத்திருக்கிறார்கள். அதன் பின்பக்கத்தில் குழாய் ரிப்பேர்க்காரர் எண் எழுதியிருந்தது.

செப்டம்பர் 22

“இத மூடிக்காரர்கிட்ட எடுத்துட்டுப் போய்க் காட்டட்டுமா?” என்று தந்தியிடம் கேட்டேன். “காட்டு” என்றாள். “நீயும் வரியா?” “வேலை போயிடும் உனக்கு.” “போகட்டும். வரியான்னு கேட்டேன்.” “பரீட்சைக்குப் படிக்கணும்.”

கட்டணமே கட்டவில்லை. படிக்கிறாளாம்.

செப்டம்பர் 24

போய்விட்டு வந்தேன். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

அலுவலகம் தொழிற்சாலை மாடியில். கீழே இயந்திரம் ஓடும் அதிர்வு மேஜைவரை வருகிறது. சூடான பிளாஸ்டிக் வாசனை. மூடிக்காரர் வாசிப்புக்கூடத்துப் படத்தில் இருப்பதைவிட ஒல்லி, காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் மகள், அவள் முன்னால் எங்கள் கடிதங்கள் கட்டுக் கட்டாக.

“அலுவலகத்துல அனுப்பினாங்களா?” என்றாள் மகள்.

“நானா வந்தேன். தெரிஞ்சா விடமாட்டாங்க.”

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா யாருடைய அம்மா என்றும் சொன்னேன். மகள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“நீ சொல்றத நாங்க எப்படி நம்பறது? தோழியைக் காப்பாத்தச் சொல்லலாமில்ல?”

எனக்குச் சுருக்கென்றது. நான் அவள் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். நாலு வரிக் கடிதத்தை நீட்டினேன். “அவ எழுதினது இது. தேதி பாருங்க. அவ அம்மா பத்தி அவ ஒரு வார்த்தை எழுதல.”

மகள் கையெழுத்தை ஒப்பிட்டாள். மூடிக்காரர் வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். இரண்டு தடவை. திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார்.

“இது யார் நம்பர்?”

“குழாய் ரிப்பேர்க்காரர், சார்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அஞ்சு வருஷமா இந்தக் கடிதமெல்லாம் படிக்கறேன். ஒருத்தர்கூடத் தோத்துட்டேன்னு எழுதினதில்ல. ஆனா வருஷத்துக்கு அஞ்சாறு பேர் பாதியில நின்னுடறாங்கன்னு இவ கணக்கெடுத்துச் சொல்றா. அதான் படிவத்த எல்லாம் பாக்கச் சொன்னேன். ஆளே இல்லாம கடிதம் வருதோன்னு சந்தேகம்.”

அவருக்கு எங்கள்மேல் சந்தேகம்! நாற்காலியில் பேர் போட்டவருக்கு! வாயை அடக்க முடியவில்லை.

“உங்களுக்குக் கடிதம் எதுக்கு சார்?”

மகள் நிமிர்ந்தாள். அவர் காதுக்குப் பின்னால் கை வைத்து, மறுபடி கேட்கச் சொன்னார். மறுபடி கேட்டேன், இன்னும் சத்தமாக. திட்டுவது போலத்தான் இருந்திருக்கும்.

“படிக்க நல்லா இருக்கும்மா,” என்றார். “ஞாயித்துக்கிழமை உக்காந்து படிப்பேன்.”

விளம்பரம் இல்லை, தேர்தல் இல்லை. இதற்காகவா முப்பத்தொரு பேர் வருஷா வருஷம் கஷ்டத்தை இரண்டு வரியாக வெட்டி ஒட்டினோம்? கோபம் இன்னும் ஏறியது.

“நீங்க நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியாது சார். அதத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் எங்க படிப்பு நடக்கும்னு இருக்கே, அதுதான் எனக்குப் பிடிக்கல. அரசாங்கம் குடுக்கணும். குடுக்கல. அதனால உங்க ஞாயித்துக்கிழமை நல்லா இருக்கணும்னு நாங்க எழுதறோம்.”

“எனக்கும்தான் பிடிக்கல,” என்றார். “அதுக்காக நிறுத்திட்டா உனக்குச் சரியா?”

பேருந்தில் அந்தக் கேள்வியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 26

தந்தியின் விஷயம் அறக்கட்டளையின் ‘பரிசீலனையில்’ உள்ளதாம். இன்னும் நான்கு நாள். அவரிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ? அவளுக்காகப் போனேனா, என் வாய்க்காகப் போனேனா?

செப்டம்பர் 29

வந்துவிட்டது. உதவி தொடரும். மாலை மூன்று மணிக்கு வந்தது, நாலு மணிக்குக் கட்டணம் கட்டினோம். ரசீதை அவள் வேதியியல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, “டீ குடிக்கலாமா?” என்றாள். அவள் வாங்கிக் கொடுத்த முதல் டீ.

அக்டோபர் 1

வேலை போய்விட்டது. மேடம் என் முகத்தைப் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டார். “மத்த ஏழு பேரும் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?” என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 12

தந்தி ஒன்றில் தேறிவிட்டாள். ஒன்று மிச்சம். “அடுத்த தடவை,” என்றாள். அவ்வளவுதான் செய்தி.

பிப்ரவரி 2

மேடம் சொன்ன மற்ற ஏழு கொடையாளர்களில் ஒருவர் விலகிவிட்டாராம். மாணவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு நுழைவாயில் வளைவு கட்டித் தருகிறாராம். வளைவு பொய்க் கடிதம் எழுதாது. அந்தப் பணத்தில் படித்த நாலு பேரில் ஒருத்தி என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். திரும்பட்டும். அவள் இடத்தில் நான் இருந்தால் வாய்விட்டுத் திட்டியிருப்பேன்.

ஜூலை 16

மூடிக்காரரின் அறக்கட்டளை இந்த வருஷம் நன்றிக் கடிதம் கேட்கவில்லை. ஒரு தாள் அனுப்பியிருக்கிறது. மேலே ஒரே கேள்வி: ‘உங்களுக்கு என்ன போதவில்லை?’ கீழே வெறும் கோடுகள். உறையில் போட்டு ஒட்டி நேராக அனுப்ப வேண்டுமாம், அலுவலகத்தில் காட்ட வேண்டாமாம்.

விடுதியில் ஒருத்தியும் எழுதவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். மதியம் மூன்று பேர் என் அறைக்கு வந்தார்கள்.

“என்ன எழுதினா நல்லது?”

“போதாதத எழுதுங்க.”

“உனக்கென்ன, நீ அவர்கிட்ட நேராப் பேசினவ. எங்களுக்கு வேற மாதிரி சொல்ற.”

சந்தேகமாகவே பார்த்துவிட்டுப் போனார்கள். தந்தி தன் கட்டிலில் உட்கார்ந்து மடமடவென்று எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை. அவள் காட்டவும் இல்லை.

ஜூலை 17

காலையில் உட்கார்ந்தேன். முதல் கோட்டில், ‘இந்தத் தாளை வேறு யார் யாரெல்லாம் படிப்பார்கள்?’ என்று எழுதினேன். அதற்குக் கீழே போதாததை எழுத ஆரம்பித்தேன்: கூரை, ஆய்வுக்கூடத்தில் புகை போக வழி, தோற்றவர்களுக்கு இன்னொரு வருஷம், விலகிப் போனவர் பணத்தில் படித்த நாலு பேர். பதினோரு மணிக்குக் கோடுகள் தீர்ந்துவிட்டன. அலுவலகத்துக்குப் போய் இன்னொரு தாள் கேட்டேன். மேடம் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். இரண்டு தாள் எண்ணிக் கொடுத்தார்.